பேர் எழுதாத குளிசை

நிந்தவூர்
12.01.2024

மச்சான் சாலிஹுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

என்ட கையெழுத்தக் கண்ட உடனே கிழிச்சுப் போடாத. கிழிக்கிறண்டாலும் வாசிச்சிட்டுக் கிழி. நாலாம் வகுப்போட பள்ளிக்கூடத்த விட்ட மனிசன் வெள்ளனயிலிருந்து ளுஹர் தொழுகை வரைக்கும் குந்தி எழுதின கடிதம் இது.

ஏழு வருஷமா நீ என்னோட கதைக்கல்ல. உன்ட மகள்ட கலியாணத்தில ஒரே சஹன் தட்டில ஆறு பேர் குந்தித் திண்டுக்கிட்டு இரிக்கக்குள்ள, எல்லாரும் உன்ன டொக்டர் டொக்டர் எண்டாங்க. எனக்கு வாய் சும்மா இரிக்கல்ல. "டொக்டரா? இவர் ஆஸ்பத்திரியில குளிசை எண்ணிக் குடுத்தவர். நான் வட்டவிதானையா இரிந்து வயலுக்குத் தண்ணி பங்கு வச்சவன். அப்ப நானும் டொக்டர்தான்" எண்டன். மத்த நாலு பேரும் புரையேறிச் சிரிச்சாங்க. நீ கையக் கழுவிட்டு எழும்பிட்டாய். உன்ட பங்கு இறச்சி அப்பிடியே கிடந்திச்சி. அத நான்தான் திண்டன். அதையும் சொல்லிப் போடுறன்.

போன் எடுங்க வாப்பா எண்டு மகள் நுஸ்ரத் சொன்னாள். உனக்குத்தான் காது போச்சே. நான் கத்தினா நிந்தவூர் முழுக்கக் கேக்கும், உனக்கு மட்டும் கேக்காது. இது ஊர் கேக்கிற கதையில்ல. அதான் கடிதம்.

உன்ட தங்கச்சி லைலாவுக்கு நல்லா இல்ல மச்சான்.

போன நோம்பு முடிய தொடங்கினது. வலக் கையில பெருவிரலும் மத்த விரலும் எந்த நேரமும் ஏதோ உருட்டுது. தஸ்பீஹ் மணி உருட்டுறா எண்டு நினைச்சன், பாத்தா கையில தஸ்பீஹ் இல்ல. மறுகா நடை சுருங்கிச்சி. குசினிக்குப் போக முந்தி பத்து எட்டு, இப்ப நாப்பது எட்டு. குரல் நுளம்புக் குரலாப் போச்சி. எல்லாத்தையும் விட மொகம். சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி அசையாம இரிக்கி. முந்தி நான் பகிடி விட்டா வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா, இல்லாட்டி "வயசு போன நேரத்தில உங்கட வாயப் பாரு" எண்டு பேசுவா. இப்ப சிரிப்புமில்ல, பேச்சுமில்ல. அவ என்னப் பேசாட்டி நான் என்னத்துக்கு உசிரோட இரிக்கன்?

பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு நாலு மாசமாக் கொண்டு போறம். டொக்டர் கஜனி எண்டு காரைதீவுப் புள்ள. நல்ல புள்ள. நடுக்குவாதமாம், பார்க்கின்சனாம். ரெண்டு விதக் குளிசை குடுத்திரிக்கா. போகக்குள்ள எல்லாம் "ஐயா, வேற ஏதும் மருந்து பாவிக்கிறாங்களா?" எண்டு கேப்பா. "ஒண்டுமில்ல மகள்" எண்டு சொல்லுவன். குளிசை போட்டும் ஒரு சுகமும் இல்ல.

நீ மாசா மாசம் றிம்சான்ட பஸ்ஸில குடுத்து விடுற பொட்டலம் ஒழுங்கா வருது. அந்தப் பொடியன் கொண்டக்டர் எண்டாலும் தபால்காரன விட நேர்மை. தலைசுத்துக்கு நீ அனுப்புற குளிசைய லைலா காலையும் அந்தியும் பிசகாமப் போடுறா. அவவுக்குத் தொழுகைக்கு அடுத்தது அதுதான்.

வந்து ஒருக்காப் பாரு. என்னப் பாக்க வேணாம், கண்ண மூடிக்கிட்டு முன் வாசலால உள்ளுக்குப் போ.

மீராசா


பொத்துவில்
16.01.2024

வஅலைக்குமுஸ்ஸலாம்.

உங்கட கடிதம் கிடைச்சிது. அதில எழுத்துப் பிழை முப்பத்தினாலு. எண்ணினன். எண்ணுறதுதானே என்ட தொழில்.

தங்கச்சிட விசயத்துக்கு மட்டும் பதில் எழுதுறன். மத்ததுக்கு இல்ல.

பார்க்கின்சன் எண்டா என்னண்டு விளங்கப்படுத்துறன். மூளையில டோபமின் எண்டு ஒரு சாறு சுரக்கும். ஒரு நரம்பு மத்த நரம்புக்கு "அசை" எண்டு சொல்லி அனுப்புறது அந்தச் சாறாலதான். இந்த வருத்தத்தில அது சுரக்கிற இடம் காஞ்சி போகும். சொல்லி அனுப்ப ஆளில்ல. அதால கை நடுங்கும், உடம்பு விறைக்கும், மொகம் அசையாது. கிளினிக்கில குடுக்கிற பெரிய குளிசை உள்ளுக்குப் போய் டோபமினா மாறும். மத்தது நடுக்கத்துக்கு. ரெண்டும் சரியான மருந்துதான். பொறுமை வேணும்.

அந்தப் பெரிய குளிசை வயித்தப் பிரட்டும், தலையச் சுத்தும். அதுக்குப் பயந்து விட்டுடாதீங்க. என்ட குளிசைய ரெண்டு நேரத்தில இரிந்து மூண்டு நேரமாக் கூட்டிக் குடுங்க. இந்த மாசம் தொண்ணூறு வச்சிரிக்கன். பொட்டலத்தில எழுதியும் இரிக்கி.

நான் வரமாட்டன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

எம். ஏ. சாலிஹ்
ஓய்வு பெற்ற மருந்தாளர்


நிந்தவூர்
10.02.2024

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். "நீங்க" எண்டு எழுதிரிக்காய். ஒரே வாய்க்கால்ல உடுப்பில்லாமக் குளிச்ச ரெண்டு பேருக்கு நடுவில இப்ப நீங்கயும் நாங்கயும். சரி, ஓய்வு பெற்ற மருந்தாளர் அவர்களே, நீங்க சொன்ன மாதிரி மூண்டு நேரமும் குடுத்தன். நான்தான் குடுக்கிறன், அவவுக்குக் கை வாய்க்குப் போகுதில்ல. நாக்கில வச்சி, தண்ணி ஊத்தி, தொண்டையத் தடவி விடுவன்.

கூடியிரிக்கி மச்சான். சுகமில்ல, வருத்தம்தான் கூடியிரிக்கி.

வாசல் படியக் கண்டா நிண்டு போறா. கால் நிலத்தில ஒட்டின மாதிரி. தள்ளினா விழுவா. ஒரு நாள் அரை மணித்தியாலம் அப்பிடியே நிண்டா, நானும் பக்கத்தில நிண்டன். அப்ப கிணத்துக் கயித்த எடுத்து அவட காலுக்கு முன்னால குறுக்கால போட்டு, "லைலா, வரம்பு கிடக்கு, கடந்து வா" எண்டன். கால் தூக்கினா மச்சான்! தூக்கிக் கடந்தா! இப்ப வீடு முழுக்கக் கயிறு துண்டு துண்டாக் கிடக்கு. வயலுக்கு வரம்பு கட்டின மாதிரி அறையில இரிந்து கக்கூசு வரைக்கும் பதினாலு வரம்பு கட்டியிரிக்கன். நுஸ்ரத் ரெண்டு தரம் தடுக்கி விழுந்திட்டாள்.

இப்ப கயிறும் வேல செய்யுதில்ல.

போன கிழமையிலிருந்து வேற ஒண்டு. அறைக்குள்ள கொக்கு நிக்குதாம். "துரத்துங்க, துரத்துங்க" எண்டு கண்ணாலயே காட்டுறா. நான் துவாய வீசித் துரத்துவன். "போயிட்டுதா?" எண்டு கேட்டா, "ரெண்டு போச்சி, மூலையில ஒண்டு நிக்கி" எண்டுவா. அதையும் துரத்துவன். எழுபத்திமூணு வயசில வெறும் அறையில கொக்குத் துரத்துற வேல எனக்கு. பக்கத்து வீட்டு ஆமினா உம்மா ஜின்னு எண்டு சொல்லி ஓதிப் பாக்கிற ஆளக் கூட்டி வந்தா. அவர் ஓதி, தண்ணி தெளிச்சி, நூல் கட்டிட்டுப் போனார். நான் மறிக்கல்ல. அல்லாஹ்ட வசனம் யாருக்குக் கெடுதி? ஆனா கொக்கு போகல்ல.

முந்தா நாள் சோறு தொண்டையில இறுகிச்சி. மொகம் நீலமாப் போச்சி. முதுகில தட்டித் தட்டி எடுத்தன். எடுத்ததுக்குப் பிறகு அவ என்னப் பாத்தா. மொகத்தில ஒண்டுமில்ல, கண்ணில மட்டும் தண்ணி. உள்ளுக்குள்ள முழு மனிசியும் இரிக்கா மச்சான். வெளிய வர வழியில்லாம இரிக்கா.

நான் விட்ட பகிடிக்கு இந்த வயசில உன்ட கால்ல விழவும் ஏலும். சொல்லு, எந்த பஸ்ஸில வாற?

மீராசா


பொத்துவில்
14.02.2024

வஅலைக்குமுஸ்ஸலாம்.

கொக்குக்கு ஜின் காரணமில்ல. மருந்து மூளையில கூடினா வயசான ஆக்களுக்கு இல்லாதது தெரியும். எங்கட காலத்தில ஆஸ்பத்திரி வாட்டில கண்டபடி பிதற்றுற நோயாளிக்கு, நான் அனுப்புற தலைசுத்துக் குளிசைட குடும்பத்து மருந்தத்தான் போட்டு அடக்குவாங்க. அதால பயப்படாதீங்க. இரவைக்கு ஒண்டுக்கு ரெண்டாக் குடுங்க. கொக்கும் போகும், நித்திரையும் வரும். புதுப் பொட்டலம் றிம்சானிட்டக் குடுத்திரிக்கன்.

சோறக் கஞ்சி மாதிரிக் கரைச்சிக் குடுங்க. நேரா இருத்தி வச்சிக் குடுங்க.

கயிறு போட்டது நல்ல யோசனை. யாரிட்டக் கேட்டுச் செஞ்சீங்க?

வாற கதைய இனி எழுத வேணாம்.

எம். ஏ. சாலிஹ்


நிந்தவூர்
01.03.2024

சாலிஹ்,

சலாம் எழுத மனம் வரல்ல. எழுதாம இரிக்கவும் பயமா இரிக்கி. அஸ்ஸலாமு அலைக்கும்.

போன சனிக்கிழமை அவவுக்கு நெருப்பாக் காய்ச்சல். உடம்பு விறைச்சி மரமாப் போச்சி. ஓட்டோவில ஏத்தினா இடுப்பு மடங்குதில்ல. மறுகா வேன் பிடிச்சி, ஏணி தூக்கிற மாதிரி நாலு பேர் தூக்கி ஏத்தினம்.

டொக்டர் கஜனி பாத்துட்டு, "வீட்டில இரிக்கிற அத்தின குளிசையையும் அள்ளிக் கொண்டு வாங்க" எண்டா. நுஸ்ரத் ஓடிப் போய் அள்ளினாள். தலையணைக்குக் கீழ கிடந்த உன்ட பொட்டலத்தையும் சேத்துக் கொண்டாந்தாள்.

மேசையில கொட்டினம். டொக்டர் புள்ள உன்ட பொட்டலத்த எடுத்துப் பிரிச்சா. பேர் இல்ல, மில்லிகிராம் இல்ல. "காலை 1 பகல் 1 இரவு 2" எண்டு உன்ட முத்து எழுத்து மட்டும்.

"இது என்ன மருந்து ஐயா?"

"அது மருந்தில்ல மகள். அவட காக்கா, கூடப் பிறந்த மூத்தவர், அனுப்புறது."

இப்பிடித்தான் சொன்னன் சாலிஹ். அந்தப் புள்ள என்ன ஒரு மாதிரிப் பாத்தா. குளிசையில இரிந்த எழுத்த வெளிச்சத்தில பிடிச்சி வாசிச்சா. மருந்து குடுக்கிற இடத்துக்கும் ஆளனுப்பிக் கேட்டா. மறுகா கேட்டா, "எத்தின காலமா?"

"ஏழு வருஷம்."

கதிரையில குந்திட்டா.

கிளினிக் கார்டுக்குப் பின்னால படம் கீறிக் காட்டினா. ஒரு நரம்பு, மத்த நரம்பு, நடுவில இடைவெளி. இதில இரிந்து டோபமின் வருது, அதில இரிக்கிற வாயில போய்ச் சேருது. பூட்டும் திறப்பும் மாதிரி எண்டா. உன்ட குளிசை அந்தப் பூட்டுக்குள்ள போய்க் குந்திக்கிட்டிரிக்காம். டோபமின் வந்து வந்து தட்டிட்டுத் திரும்பிப் போகுதாம்.

எனக்குப் பூட்டும் திறப்பும் வேணாம். முப்பது வருஷம் வட்டவிதானையா இரிந்தவன், எனக்குத் தண்ணி விளங்கும். நீ எழுதினாய், குளம் காஞ்சி போச்சி எண்டு. குளத்தில தண்ணி இரிந்திச்சி சாலிஹ். நீ மதகில பலகை போட்டு அடைச்சிட்டாய். கீழ வயல் வெடிச்சிப் போச்சி. அத வருத்தமெண்டு நினைச்சி இந்தப் புள்ள குளத்துக்கு இன்னும் தண்ணி ஊத்தினா. எங்க பாயும்? கொக்குக்கும் அவ காரணம் சொன்னா, நடுக்கத்துக்குக் குடுத்த மத்தக் குளிசை வேற ஒரு சாற வத்த வச்சிட்டுதாம். மண்டைக்குள்ள ஒரு வாய்க்கால் இல்ல, கன வாய்க்கால். நாங்க மூண்டு பேரும் மூண்டு பக்கத்தால மண்வெட்டிய எடுத்துக்கிட்டு இறங்கியிரிக்கம்.

வருத்தம் கூடக் கூட நீயும் பலகை கூட்டினாய். ரெண்டு, மூண்டு, நாலு. கடைசியாக் கூட்டினதுதான் இந்தக் காய்ச்சலும் விறைப்பும் எண்டு டொக்டர் சந்தேகப்படுறா.

உன்ட குளிசைய என்ட விரலால அவட நாக்கில வச்சவன் நான். தொண்டையத் தடவி விட்டவன் நான். ஒவ்வொரு கிளினிக்கிலயும் "ஒண்டுமில்ல மகள்" எண்டு சொன்னவனும் நான்.

அவ பிழைப்பாவோ எண்டு டொக்டரிட்டக் கேட்டன். "துஆச் செய்ங்க ஐயா" எண்டா. டொக்டர்மார் அப்பிடிச் சொன்னா என்ன அர்த்தமெண்டு உனக்குத் தெரியும்.

இனிப் பொட்டலம் அனுப்பாத.

மீராசா


பொத்துவில்
22.03.2024, நோம்பு

மீராசா,

பிழை எண்ணல்ல. மூண்டு கிழமையா உன்ட கடிதத்த வச்சிக்கிட்டு இரிக்கன். றிம்சான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸ நிப்பாட்டிப் பாப்பான், ஒண்டுமில்ல எண்டு கையக் காட்டுவன். அவ உசிரோட இரிக்கா எண்டு அவன் சொல்லித்தான் தெரியும். அவன் விரலால காட்டுவான். ஒரு விரல் மேல பாத்தா இரிக்கா.

என்ட பழைய மருந்துப் புத்தகத்த எடுத்துப் பாத்தன். அந்தக் குளிசைட பக்கத்தில எழுதிரிக்கி: வயது சென்றோருக்கு நீண்ட காலம் கொடுக்கலாகாது. அதுக்குக் கீழ சிவப்புப் பேனையால கோடு. கோடு போட்டது நான். 1971ல, பயிற்சிக்குப் போன நேரம்.

தெரியாமச் செஞ்சன் எண்டு எனக்குச் சொல்ல வழியில்ல. தெரியும். மறந்திட்டன். இல்ல, மறக்கவும் இல்ல. தங்கச்சிக்கு அது பொருந்தாது எண்டு யோசிக்கவே இல்ல.

ஏழு வருஷத்துக்கு முந்தி, கலியாண வீட்டுக்கு அடுத்த கிழமை, அவ எனக்கு ஆள் சொல்லி அனுப்பினா, தலைசுத்துது எண்டு. முப்பது குளிசை அனுப்பினன். ஒரு கிழமையில நிண்டிரிக்கும். ஆனா நான் நிப்பாட்டல்ல. ஏனெண்டா அது ஒண்டுதான் எனக்கும் அவவுக்கும் நடுவில போய் வந்த சாமான். உன்ட வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டன் எண்டு சொன்னவன் நான். காலுக்குப் பதிலாக் குளிசைய அனுப்பினன். ஒருக்கா வந்து கண்ணால பாத்திரிந்தா, அவ நடக்கிற நடையப் பாத்த உடனே விளங்கியிரிக்கும். நாப்பது வருஷம் வாட்டில பாத்த நடை அது.

காலையில என்ட வாசலுக்குப் பத்துப் பேர் வருவாங்க, பிறசர் எண்டும் வாயு எண்டும். ஒருத்தருக்கும் குடுக்கிறதில்ல இப்ப. ஆஸ்பத்திரிக்குப் போங்க எண்டு கத்துறன். சாலிஹ் டொக்டருக்கு மூளை பிசகிட்டுது எண்டு சனம் கதைக்குதாம். நல்ல வேளை எனக்குக் கேக்காது.

மீராசா, ஒண்டு கேக்கிறன். லைலாவுக்குச் சொல்லிப் போடாத. அல்லாஹ்வுக்காகக் கேக்கிறன். நான் குடுத்ததாலதான் எண்டு அவ அறியப்படாது. உம்மா மவுத்தான நேரம் அவவுக்கு ஆறு வயசு. தலை வாரி விட்டவன் நான்.

சாலிஹ்


நிந்தவூர்
03.05.2024

மச்சான் சாலிஹ், அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளைக்கு முதல் நாள் வீட்டுக்குக் கொண்டு வந்திட்டம். காய்ச்சல் இல்ல. கொக்கெல்லாம் வெளிக்கிட்டுப் போயிட்டு, கடைசிக் கொக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழ நிண்டதாம், அதையும் அங்கயே விட்டுட்டு வந்தம். கஞ்சி விழுங்குறா. பிடிச்சிக்கிட்டா கதிரையில குந்துறா. அவ்வளவுதான். கை உருட்டுறது நிக்கல்ல. மொகம் அதே சுவர்தான்.

டொக்டர் புள்ளையிட்ட எப்ப சரியாகும் எண்டு கேட்டன். மதகில இரிந்து பலகை கழர மாசக் கணக்கு எடுக்குமாம். சில பேருக்கு முழுசாக் கழரவும் கழராதாம். கழண்டதுக்குப் பிறகும் நடுக்கம் நிண்டா, குளமும் காஞ்சிதான் போயிரிக்கி எண்டு அர்த்தமாம். "காத்திருக்கத்தான் வேணும் ஐயா" எண்டா. காத்திருக்கிற வேலய எனக்குக் குடுக்கிறா பாரு. பள்ளியில குத்பாப் பிரசங்கம் நீண்டாலே எழும்பிப் போற ஆள் நான்.

நீ கேட்ட மாதிரி லைலாவுக்குச் சொல்லல்ல. சொல்லாம விட்டத்தால வந்த வினையக் கேளு.

பொட்டலம் வாற நாள் வியாழன். ஒவ்வொரு வியாழனும் அவ கேக்கிறா, "காக்காட பொட்டலம் வரல்லயா?" நான் பஸ் பிந்தி எண்டன், றிம்சானுக்குச் சுகமில்ல எண்டன், பாலம் உடைஞ்சிட்டு எண்டன். மூண்டாம் வியாழன் காதுக்குள்ள கேட்டா, "காக்கா மவுத்தா?"

இல்லயெண்டு சத்தியம் பண்ணினன். நம்பல்ல. நாப்பத்தெட்டு வருஷமா என்னோட குடும்பம் நடத்தினவ, என்ட சத்தியத்துக்கு என்ன பெறுமதி எண்டு அவவுக்குத் தெரியும்.

அதால ஒரு வேல பாத்தன். நுஸ்ரத்துட விற்றமின் குளிசை கொஞ்சம் எடுத்து, கடதாசியில மடிச்சி, உன்ட எழுத்து மாதிரி "காலை 1" எண்டு எழுதிக் குடுத்தன். கையில வாங்கினா. பிரிக்கல்ல. விரல் நடுங்க நடுங்க மடிப்பத் தடவித் தடவிப் பாத்தா. மறுகா சொன்னா, "இது காக்கா மடிக்கிற மாதிரி இல்ல."

நீ எப்பிடி மடிக்கிற? நாலு மூலையையும் உள்ளுக்குச் செருகிறயாமே. எனக்கெங்க தெரியும்.

அண்டையிலிருந்து சாப்பாடு வேணாம் எண்டுட்டா. வாயக் கட்டிக்கிட்டா. முந்தி விழுங்க ஏலாம இரிந்தா, இப்ப விழுங்க ஏலும், விழுங்க மாட்டன் எண்டுறா. நீ மவுத்தாயிட்டாய், அத நாங்க ஒளிக்கிறம் எண்டு இரிக்கா. ரெண்டு நாள் தண்ணியும் கரண்டியாலதான் பலவந்தமா ஊத்தினம். மூண்டாம் நாள் நுஸ்ரத் அழுததப் பாத்துட்டு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா. இப்ப ஒரு நாளைக்கு அந்த ரெண்டு வாய்தான். ஆள் ஓலையாப் போறா. மதகு திறக்கிற வரைக்கும் பயிர் நிக்காது மச்சான்.

விற்றமின் நான் வாங்கித் தாறன், நீ மடிச்சி அனுப்பு. இல்லாட்டி வா. ரெண்டில ஒண்டு. பொய் சொல்றது எனக்குப் பழக்கம், என்ட வாய்க்கு அது இனிப்பு. ஆனா அவ அந்த மடிப்பத் தடவினதக் கண்டதுக்குப் பிறகு, இந்தப் பொய்ய நான் இனிச் செய்ய மாட்டன். செய்யிறண்டா நீ செய்.

அண்டைக்குச் சஹன்ல இரிந்து உன்ன எழுப்பி விட்டவனும் நான்தானே. அத எழுத மூண்டு கடிதமா வழி தேடினன். இதான் வழி.

மீராசா


பொத்துவில்
01.06.2024

மீராசா,

ஒரு மாசமா மடிக்கிறன். மடிச்சி வச்சிட்டுப் பிரிக்கிறன். மேசையில கடதாசி குவிஞ்சி கிடக்கு. அனுப்ப ஏலல்ல.

வியாழக்கிழமை, ஆறாந் திகதி, காலை பஸ்ஸில வாறன். நீ ஒண்டும் சொல்லி வைக்காத. நான்தான் சொல்லுவன். எல்லாத்தையும் சொல்லுவன், சிவப்புப் பேனையால போட்ட கோட்டையும். அவ என்ட மொகத்தப் பாக்க மாட்டன் எண்டா அடுத்த பஸ்ஸில திரும்பிடுவன்.

சோறாக்கி வைக்க வேணாம்.

சாலிஹ்


நிந்தவூர்
08.06.2024

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

இப்பிடியா எழும்பிப் போவாய்? குடையையும் விட்டுட்டு? நான் செருப்பில்லாம ரோட்டு வரைக்கும் ஓடி வந்தன். "சாலிஹ், நில்லு" எண்டு கத்தினன். கடைக்காரன் கிறுகிப் பாத்தான், ஓட்டோக்காரன் கிறுகிப் பாத்தான், ஒரு மாடும் கிறுகிப் பாத்திச்சி. நீ பஸ்ஸில ஏறிட்டாய். கேக்காத காதுக்குக் கத்தினவன்ட புத்தியப் பாரு.

நீ போற வழியெல்லாம் என்ன நினைச்சிரிப்பாய் எண்டு எனக்குத் தெரியும். அதால சுறுக்கா எழுதுறன். றிம்சான் வெளிய பஸ் ஹோன அடிச்சிக்கிட்டு நிக்கிறான், அவனையும் மறிச்சி வச்சிட்டன்.

நீ கதிரையில குந்தி நிலத்தப் பாத்துக்கிட்டே முழுக்கதையையும் சொன்னாய். முக்கால் மணித்தியாலம். ஒருக்காவும் தல நிமித்தல்ல. லைலா உன்னையேதான் பாத்துக்கிட்டு இரிந்தா. நீ மவுத்தாகல்ல எண்டது அவவுக்கு முதல்ல விளங்கிச்சி. மத்தது கொஞ்சம் கொஞ்சமாத்தான் விளங்கிச்சி. நீ சொல்லி முடிய அவ ஒண்டு கேட்டா. உனக்குக் கேக்கல்ல. நான்தான் உன்ட காதுக்குள்ள கத்தினன், "எப்ப சரியாகும் எண்டு கேக்கிறா!" எண்டு.

நீ "தெரியாது" எண்டாய். மறுகாவும் "எனக்குத் தெரியாது தங்கச்சி" எண்டாய். சொல்லிட்டு எழும்பிட்டாய். அவ பதில் சொல்லல்ல, மொகத்தத் திருப்பிட்டா எண்டுதானே போனாய்?

மொகத்தத் திருப்பல்ல. கதவுப் பக்கம், நீ போற பக்கம் பாத்தா. பாக்கக்குள்ள இடப் பக்கத்து உதடு அசைஞ்சிச்சி. முதல்ல அதையும் நடுக்கம் எண்டு நினைச்சன். மறுகா கன்னம் மேல போச்சி. நுஸ்ரத் கண்டாள், சத்தம் போட்டாள். மச்சான், உன்ட தங்கச்சி சிரிச்சா. பெரிய சிரிப்பில்ல. பாதிச் சிரிப்பு, ஒரு பக்கம் மட்டும். ஆனா சிரிப்பு.

நான் கட்டில்ல குந்தி, "என்ன சிரிப்பு, சொல்லு" எண்டு அவட வாயில காத வச்சன்.

"காக்காக்கும் தெரியாதாம்" எண்டா.

அறுபத்தெட்டு வருஷமா உன்னிட்டக் கேட்ட எல்லாத்துக்கும் பதில் வந்ததாம். வயித்துவலிக்கும், கொழும்பு எந்தப் பக்கமெண்டத்துக்கும், மழை எப்ப வருமெண்டத்துக்கும். முதல் முதலாத் தெரியாதெண்டு சொல்றாராம். அதச் சொல்லத்தான் உனக்குப் பின்னால ஓடி வந்தன்.

அதுக்குப் பிறகு கோவமும் வந்திச்சி, ஒளிக்கல்ல. நேத்து முழுக்க உன்ட பேர எடுக்க விடல்ல. என்னையும் பேசினா. "நீங்க ரெண்டு பேரும் கோவிச்சிக்கிட்டு இரிக்க நான் குளிசை திண்டன்" எண்டா. நுளம்புக் குரல்ல எண்டாலும் நல்ல பேச்சு மச்சான், காது குளிர்ந்து போச்சி. பேசி முடிய ஒரு கோப்பை கஞ்சி குடிச்சா. வலக் கை இன்னும் உருட்டுது. குளத்தில எவ்வளவு தண்ணி இரிக்கி எண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

ஒரு வருஷமா எத்தின பகிடி விட்டன். கொக்கு மாதிரி நடந்து காட்டினன். ஆமினா உம்மா மாதிரிக் கதைச்சிக் காட்டினன். ஒரு பல்லு வெளிய வரல்ல. நீ ஒத்தச் சொல்லச் சொல்லிச் சிரிக்க வச்சிட்டுப் போயிட்டாய். எனக்குப் பொறாமையா இரிக்கி.

அடுத்த வியாழன் வா. வந்து இன்னொருக்காத் தெரியாதெண்டு சொல்லு.

மீராசா